பனைமூட்டுக்காரி

பலவேசத்துக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி செத்தவ, ஒருத்தி இருக்கவ. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சுத்தான் மனுசன் குடித்தனம் பண்ணினான். இருக்கவ பேரு சந்தனமாரி, இலத்தூர்க்காரி. என்னைய மைனின்னு கூப்பிடுவா. முறை ஒண்ணும் கிடையாது. மேலகரத்துல ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், அதுதான் முறை. அவ அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எனக்குத் தெரியும். நெஞ்சுல கொதிக்கிறதும் தெரியும்.

செத்தவ பேரு உலகம்மா. ஊர்ல வாந்திபேதி வந்த வருசம் போயிட்டா. அப்போ சந்தனமாரியும் இங்கன வரல, நானும் வரல. ஆலங்குளத்துல இருந்து நான் வாக்கப்பட்டு வந்ததே அதுக்கு ரெண்டு வருசம் பொறவுதான். அந்த வாரம் பலவேசமும் பாயோட பாயாக் கிடந்திருக்கான். பொண்டாட்டி செத்ததே அவனுக்கு மூணாம் நாளுதான் தெரியும். அவன் அண்ணங்காரனும் இன்னும் மூணு பேரும் வயிறு முட்டக் கள்ளக் குடிச்சுட்டு, கொட்டுற மழையில அவளத் தூக்கிட்டுப் போயி தாழிப்பரும்புல வச்சுட்டு வந்துட்டாங்க. இடுகாடு வரைக்கும் சுமக்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. எங்கன வச்சீங்கன்னு இவன் கேட்டதுக்கு, பனைமூட்டுல, பனைமரத்து அடியிலன்னு அண்ணன் சொல்லிருக்கான். அடுத்த வாரம் அந்த அண்ணனும் போயிட்டான்.

தாழிப்பரும்புங்கது மேலகரத்துல இருந்து குத்தாலம் போற பாதைக்குத் தெக்க, கல்லும் உடைமரமுமா கிடக்க ஒரு மேடு. தரையில அங்கங்க பெரிய பானை விளிம்பு வட்டம் வட்டமாத் தெரியும். அந்தக் காலத்து சனம் செத்தவங்களப் பானைக்குள்ள வச்சுப் பொதைச்ச இடமாம். முந்தி அங்கன மூணு பனை நின்னுருக்கு. ரெண்டு காத்துல விழுந்துட்டு. மிச்சம் நின்ன ஒத்தப் பனைதான் பலவேசத்துக்குக் கோயில். மாசம் தவறாம சிற்றாத்துல இருந்து ஒரு குடம் தண்ணி சுமந்துட்டுப் போயி அந்தப் பனைமூட்டுல ஊத்திட்டு வருவான்.

இளையாளா வந்தவளுக்கு எங்க பக்கத்துல ஒரு கடமை உண்டு. வருசத்துக்கு ஒருக்க மூத்தாளுக்குப் புதுச்சேலை வச்சுப் படைக்கணும். படைச்ச சேலைய இளையாளே எடுத்துக் கட்டணும். இல்லாட்டி மூத்தா கோவிச்சுக்கிடுவாளாம், வயித்துல பிள்ளை தங்காதாம். எட்டு வருசமா சந்தனமாரி கட்டிக்கிட்டுதான் இருந்தா. பிள்ளைதான் தங்கல.

"வருசத்துக்கு ஒரு சேலை எடுக்காரு மைனி. அதுவும் அவ பேருக்கு. அவளுக்குப் பச்சைதான் புடிக்குமாம். எனக்குப் பச்சை ஆகுமா? கட்டினா காமாலைக்காரி மாதிரில்லா இருக்கேன். எட்டு வருசமாப் பச்சை!" அப்பிடின்னு சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பொருமுவா.

பொறாமைன்னா பொறாமை, அப்பிடி ஒரு பொறாமைய நான் பாத்ததில்ல. சக்களத்தி உசிரோட இருந்தா தண்ணித்துறையில கொண்டையப் புடிச்சு ஆட்டலாம். இவ எந்தக் கொண்டையப் புடிப்பா? அதனால மூத்தாளப் பத்தித் துப்புத் துலக்குறதே இவளுக்கு ஒரு வேலையாப் போச்சு. எண்ணெய்க்காரிகிட்டக் கேப்பா, மோர் விக்கவகிட்டக் கேப்பா. உயரம் எவ்வளவு, குரல் எப்பிடி, குழம்புக்குப் புளி கூடப் போடுவாளா குறைச்சுப் போடுவாளா, எல்லாம் இவளுக்குத் தெரியும். "ஏட்டி, புருசனப் பத்தி இதுல பாதி தெரிஞ்சு வச்சிருக்கியா நீ?"ன்னு நான் ஏசுவேன். காதுலயே வாங்க மாட்டா.

இப்பிடி இருக்கையில ஒரு வருசம் வைகாசியில, தாழிப்பரும்ப அளந்து தோண்டணும்னு மெட்ராஸ்ல இருந்து உத்தரவு வந்துச்சு. சர்வேயரா வந்தவரு தென்காசி துல்கர்னைன் சாயிபு. நல்ல மனுசன். கோவம் வந்தாக் கூட "யா அல்லா"ன்னு வானத்தப் பாத்துக் கத்துவாரே தவிர, ஆளப் பாத்துக் கத்த மாட்டாரு. மூணுகால் பலகைய நிறுத்தி, சங்கிலி புடிச்சு, பரும்பு பூராவும் முளைக்குச்சி அடிச்சு சணல் கட்டிக் கட்டம் கட்டமாப் பிரிச்சுட்டாரு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர். அது எல்லாம் ஒரு பெரிய படத்துல ஏறும்.

ஆம்பளைங்க தோண்ட, நாங்க பொம்பளைங்க ஆறு பேரு மண் சுமந்து அரிப்புல சலிக்கணும். பாசிமணி, ஓட்டாஞ்சில்லு, துருப்புடிச்ச இரும்பு என்ன வந்தாலும் தனியா எடுத்து வைக்கணும். தோண்டுறதுல பலவேசத்த அடிச்சுக்க ஆளு கிடையாது. கடப்பாரையத் தலைகீழாப் புடிச்சு தரையில ஒரு தட்டுத் தட்டுவான். காதச் சாச்சு நிப்பான். "இங்கன இருக்குய்யா, மூடி உடையாம இருக்கு"ன்னு சொன்னா, அங்கன இருக்கும். தாழி தட்டுப்பட்டதும் கடப்பாரையப் போட்டுட்டு, சின்னக் கரண்டியும் பிரஷுமா உக்காந்து, பச்சைப்பிள்ளைக்குத் தலை துடைக்க மாதிரி மண்ணத் தட்டுவான். அதப் பாத்தாலே சந்தனமாரிக்கு மூக்குமேல கோவம் வரும்.

"பாருங்க மைனி, எவளோ ஒருத்தி, ரெண்டாயிரம் வருசத்துக் கிழவி, அவளுக்கு இந்த உபசாரம். என் தலையில ஒரு நாளு ஒரு பூ உதுந்திருந்தா எடுத்துருப்பாரா இந்த மனுசன்?"

"அது கூலி வேலைட்டி."

"கூலியோ என்னமோ, கை இருக்கா இல்லியா?"

எடுத்த எலும்பு, பானை எல்லாத்தையும் சாயிபு வைக்கோல் வச்சு மரப்பெட்டியில அடைச்சு, நம்பர் போட்டு, தென்காசி ஸ்டேஷன்ல ரயில் ஏத்திருவாரு. அது நேரா மெட்ராசுக்குப் போகும். இந்தச் சங்கதி தெரிஞ்ச அன்னைக்குத்தான் சந்தனமாரி புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. அடுத்த கட்டத்துக்கு சாயிபு அடிச்ச முளைக்குச்சி சரியாப் பனைமூட்ட வளைச்சு நின்னுது.

"மைனி, மூத்தா மெட்ராசுக்குப் போகப் போறா!" மண்ணுப்பெட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! கல்யாணத்தன்னைக்குக் கூட அப்பிடிச் சிரிச்சிருக்க மாட்டா. "பெட்டியில நம்பர் ஒட்டி, கதவச் சாத்தி, கூன்னு ஊதிட்டுப் போயிரும்லா. பொறவு பனைக்கு எதுக்குத் தண்ணி?"

"பாவத்தக் கட்டிக்கிடாத. செத்தவட்டி அவ."

"செத்தும் போகலியே மைனி, அதான்."

மறுநாள் காலையில போயிப் பாத்தா சணல் இடம் மாறிக் கிடக்கு. பன்னெண்டடி மேக்க, உடைமரத்துக்குக் கீழ. சங்கதி என்னன்னு கேட்டா, பலவேசம் சாயிபுகிட்டப் போயி, பனைவேரு கடப்பாரையக் கடிக்கும், தாழியெல்லாம் வேருல நொறுங்கித்தான் இருக்கும், மேக்கத் தள்ளுனா முழுசாக் கிடைக்கும்னு சொல்லிருக்கான். தட்டிப் பாத்தும் காட்டிருக்கான். அவன் காத நம்பி சாயிபும் மாத்திட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டியெல்லாம் ணங்கு ணங்குன்னு பேசுச்சு. பொறவு இவ பேசினா.

"வேரு கடிக்கும்னு சொன்னீராமே?"

"ஆமா."

"நாப்பது தாழி தோண்டியாச்சு. உடைமர வேரு, ஆலமர வேருன்னு வெட்டித் தள்ளுனீரு. இந்த வேரு மட்டும் பல்லு வச்சிருக்கோ?"

"சோத்தப் போடுட்டி. பசிக்கி."

"பனைமூட்டுல போயிக் கேளும், போடுவா."

"செத்தவகூடயா போட்டி போடுத?"

"உசிரோட இருந்தா போட்டி போட்டு செயிச்சிருப்பேன். அவ ஒரு நாளு குழம்புல உப்பக் கூட்டிருவா, ஒரு நாளு எதுத்துப் பேசிருவா, ஒமக்கும் கசந்திரும். இவளுக்கு உப்பும் கூடாது, புளியும் குறையாது. இவள நான் எங்கன போயி செயிக்க?" குரலு உடைஞ்சு போச்சு அவளுக்கு. "போன மாசி நான் காய்ச்சல்ல கிடந்தேன். ஒரு வாய் சுக்குத்தண்ணி போட்டுத் தந்தீரா? அன்னைக்கும் பனைக்குத்தான் குடத்தத் தூக்கிட்டுப் போனீரு."

மனுசன் கெட்டவன் கிடையாது. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். பேசவும் மாட்டான், அதுதான் கேடு.

விடிஞ்சதும் விடியாததுமா இவ நேரா சாயிபுகிட்டப் போயிட்டா. புடிச்சு இழுத்தேன், நிக்கல. அவரு மூணுகால் பலகைக்குக் குடை புடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஆனி பொறந்து சாரல் விழ ஆரம்பிச்சிருந்துச்சு.

"சாயிபு, எங்க வீட்டுக்காரரு ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டாரு. வேரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பனைமூட்டுல அவரு மூத்த பொண்டாட்டியப் பொதைச்சிருக்கு. அதுக்காகத்தான் மாத்தச் சொன்னாரு. நீங்க தோண்டுங்க. சர்க்கார் வேலை, ஒருத்தருக்காக நிக்கலாமா?"

சாயிபு குடைய மடக்கிட்டாரு. இவள ஒரு பார்வை பாத்தாரு.

"நெசமாவா தங்கச்சி?"

"நெசம்தான். வாந்திபேதி வருசத்துல."

"நல்லவேளை சொன்ன. இல்லேன்னா பாவத்துக்கு ஆளாயிருப்பேன்." பலவேசத்தக் கையக் காட்டிக் கூப்பிட்டாரு. "ஏம்ப்பா, இத நீயே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா? தாழிக்குள்ள இருக்கவங்களுக்கு அழ இன்னைக்கு ஆளு இல்ல, நான் தோண்டுதேன். அழ ஆளு இருக்க பொணத்து மேல நான் கடப்பாரை வைப்பனா? போ, பனையச் சுத்தி நாலு முளை அடிச்சு சணலக் கட்டு. அங்கன ஒருத்தரும் மிதிக்கக் கூடாது."

அதோட விட்டாரா? படத்த விரிச்சு, செவப்பு மையத் தொட்டு, பனை நிக்க இடத்துல ஒரு சதுரம் போட்டாரு. தோண்டக் கூடாத இடம்னு எழுதுதேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதினாரு.

பலவேசம் துண்டக் கையில சுருட்டிக்கிட்டு, "அய்யா, இந்தப் படம் மெட்ராசுக்குப் போகுமா?"ன்னு கேட்டான்.

"போகும். அங்க இருந்து சீமைக்கும் ஒரு நகல் போகும்."

மனுசன் அப்பிடியே கையெடுத்துக் கும்பிட்டுட்டான். கண்ணுல தண்ணி. பக்கத்துல சந்தனமாரி நின்ன நிலையப் பாக்கணுமே! எனக்குச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.

"சீமைக்குப் போறாளாம் மைனி," அரிப்புப் பக்கத்துல வந்து சொன்னா. "பெட்டியில அனுப்பப் பாத்தேன். அவ படத்துல ஏறி, ராசாத்தி மாதிரிப் போறா. எம் பேரு ஒரு கூலித்தாளுல கூட இல்ல, பலவேசம் சம்சாரம்னுதான் இருக்கு. நான் சொல்லாம இருந்தாலாவது சும்மா கிடந்திருப்பா."

"வாய் சும்மா இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்," அப்பிடின்னா. அன்னைக்குப் பூரா மண்ண அவ சலிக்கல, அறைஞ்சா.

பொறவு மேக்குக் கட்டத்தத் தோண்டினாங்க. சாரல் விட்டு விட்டு விழும். விழும்போது பனையோலைத் தட்டிய வச்சுக் குழிய மூடணும், வெயில் வந்ததும் எடுக்கணும், ஒரு நாளைக்கு இருவது தடவ. மூணாம் நாளு இடுப்பளவு ஆழத்துல எலும்பு தெரிஞ்சுது. தாழி இல்ல. நீட்டி நிமிந்து கிடக்கு. கூட ரெண்டு துண்டு கண்ணாடி வளையல்.

சாயிபு குனிஞ்சு பாத்துட்டு உதட்டப் பிதுக்கினாரு. "இது தாழி சனம் இல்ல. நம்ம காலத்து ஆளு."

"வாந்திபேதியில போனவளா இருக்கும்யா," அப்பிடின்னான் பலவேசம். "அந்த வருசம் ஏழெட்டுப் பேர இங்கனதான் கொண்டாந்து வச்சாங்க. எவன் வீட்டுக்காரியோ."

அவன்பாட்டுக்கு வழக்கம்போல பிரஷ எடுத்து மண்ணத் தட்டிக்கிட்டு இருக்கான். பாட்டு ஒண்ண முணுமுணுத்துக்கிட்டுதான் தட்டுதான். சந்தனமாரி மண்ணள்ள வந்தவ, பெட்டியக் கையில வச்சுக்கிட்டு குழி ஓரத்துல அப்பிடியே நின்னுட்டா. எவ்வளவு நேரம் நின்னான்னு தெரியல. "ஏட்டி, வேலையப் பாரு"ன்னு நான் சத்தம் போட்டதும் வந்து, என் கையப் புடிச்சு உடைமரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனா.

"மைனி, அது அவதான்."

"எவ?"

"மூத்தா."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவ பனைமூட்டுல..."

"இல்ல மைனி. இடது கையப் பாத்தேன். முழங்கைக்குக் கீழ ஒடிஞ்சு, கோணலாக் கூடிருக்கு. அவ குத்தாலத்துல பாறையில வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டவ. வைத்தியர் ஆவுடைநாயகம்தான் கட்டுப் போட்டாரு. பத்தியம் இருக்காம கட்ட அவுத்துட்டா, கை கோணிப் போச்சு. அவருகிட்டயே கேட்டுருக்கேன். எனக்குக் கை சுளுக்குன்னு பொய் சொல்லிட்டுப் போயிக் கேட்டேன். மேல்பல்லப் பாருங்க, முன்னால ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. அத மோர்க்காரி சொல்லிருக்கா. அவ சிரிக்கும்போது வாயப் பொத்திக்கிட்டுதான் சிரிப்பாளாம்."

அவ செத்தப்போ அங்கன மூணு பனை நின்னுருக்கு. குடிகாரப் பயலுக மழையில எந்தப் பனைமூட்டுல வச்சாங்களோ. விழுந்த பனை தூரு அந்த உடைமரத்துக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு.

"ஒம் புருசனுக்குத் தெரியலியா?"ன்னு கேட்டேன்.

"பிரஷால கையத் தட்டுனாரு மைனி. கோணக் கையத் தட்டுனாரு. பாட்டுப் படிச்சுக்கிட்டே."

மத்தியானம் பழைய சோறும் சுட்ட கருவாடும். வழக்கமா எங்ககூட உக்காந்து திங்கவ, அன்னைக்குத் தூக்குவாளிய எடுத்துட்டுப் போயி புருசன் பக்கத்துல உக்காந்தா. கருவாட்டுல முள்ள எடுத்து அவன் பக்கம் தள்ளி வச்சா. எனக்குப் பத்தடிதான் தூரம்.

"ஏங்க, மூத்தாளுக்குப் பல்லு எப்பிடி இருக்கும்?"

அவ இவ்வளவு நயமாப் பேசி அவன் கேட்டதில்ல. முகமே மலந்து போச்சு. "பல்லா? முத்துக் கோத்து வச்ச மாதிரில்லா இருக்கும். சிரிச்சா வீடே வெளிச்சமாயிரும்."

"கை?"

"கைக்கென்ன. ரெண்டு கையிலயும் வளையல் அடுக்குனா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"இடது கை கோணல்னு யாரோ சொன்னாங்களே. பாறையில விழுந்து."

பலவேசம் சோத்துக் கைய நிறுத்தி யோசிச்சான். "விழுந்தாதான். கட்டுப் போட்டோம், சரியாயிட்டு. எவட்டி சொன்னா கோணல்னு? ஒரு குறை கிடையாது அவளுக்கு."

"நீரு பாத்தீரா?"

"நான் பாக்காம? ரெண்டு வருசம் குடித்தனம் பண்ணினவன்ட்டி நான்."

சந்தனமாரி சிரிச்சா. எங்கிட்ட எந்திரிச்சு வரும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. அழுதிருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. அந்தச் சிரிப்பு எனக்குப் பயமா இருந்துச்சு.

"எட்டு வருசமா நான் யாருகூடச் சண்டை போட்டேன் மைனி? அவருகிட்ட இருக்கவ வேற எவளோ. அந்தப் பாவி பிள்ள இங்கன கோணக் கையோட கிடக்கா." பனைமூட்டுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தா. "நாளைக்கு நான் செத்தா எனக்கும் முத்துப் பல்லுதான். பச்சை புடிக்கும்னுதான் சொல்லுவாரு."

சாப்பாடு முடிஞ்சு சாயிபு வந்தாரு. இன்னும் ஆழத்துல தாழி இருக்கும், கீழ போகணும்னு சொன்னாரு. "இந்த எலும்பக் கோணியில அள்ளி, ஓட்டாஞ்சில்லு கொட்டுற குழி ஓரத்துல மரியாதையா மூடிருங்கப்பா. யாருன்னு தெரிஞ்சா சொல்லி அனுப்பலாம். தெரியாதே."

பலவேசம் மம்பட்டிய எடுத்துக் குழியில இறங்கினான். சுரண்டி அள்ளுறதுக்குக் கால அகட்டி நின்னான். அப்பத்தான் இவ, "தொடாதீரும்!"னு ஒரு சத்தம் போட்டுக் குழிக்குள்ள குதிச்சா. பரும்பு பூராவும் வேலை நின்னு போச்சு.

"என்னட்டி?"

"மம்பட்டியக் கீழ போடும். நான் எடுக்கேன்."

மண்டி போட்டு உக்காந்தா. அந்தக் கோணக் கையத்தான் மொதல்ல எடுத்தா. முந்தானையில துடைச்சு, ஓலைப்பெட்டியில வச்சா. பொறவு ஒவ்வொண்ணா. ஒரு பல்லு தனியா விழுந்து கிடந்துச்சு, அதையும் தேடி எடுத்தா. ஒருத்தரையும் கிட்டச் சேக்கல. சாயிபு மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

"ஒனக்கு வேண்டியவளா தங்கச்சி?"

"ஆமா சாயிபு. எனக்குத்தான் வேண்டியவ. அந்த விழுந்த பனைத் தூருகிட்ட வச்சு மூடிருதேன். பனைமூட்டுக்குப் போட்ட மாதிரி இவளுக்கும் செவப்பு மையில ஒரு கட்டம் போடுங்க."

"போடுதேன். பேரு சொல்லு."

சொல்லிருவா, இப்ப சொல்லிருவான்னு நிக்கேன். அவ புருசன ஏறிட்டுப் பாத்தா. அவன் மம்பட்டியப் புடிச்சுக்கிட்டு பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கான்.

"பேரு வேண்டாம். சந்தனமாரிக்கு வேண்டியவன்னு எழுதுங்க."

சாயிபு அப்பிடியே எழுதினாரு. பலவேசத்துக்குத்தான் பொறுக்கல. "ஏட்டி, ஒனக்கு யாருட்டி அவ? எந்த ஊர்க்காரி?"

"ஒமக்குப் பனைமூட்டுல ஒருத்தி இருக்கால்லா, அவளப் பாத்துக்கிடும். இவ என்னுது."

தானே குழி தோண்டி, தானே வச்சு, தானே மண்ணத் தள்ளினா. கல்லு பொறுக்கி அடுக்கினா, நரி நோண்டக் கூடாதுன்னு. பலவேசம் ரெண்டு கல்லத் தூக்கிட்டு வந்தான், பாவம். வாங்கல.

சாயங்காலம் வேலை முடிஞ்சு பாதையில நடந்து வாரோம். மலைப்பக்கம் மேகம் இறங்கிக் கிடக்கு. காத்துல சாரல் சாஞ்சு அடிக்கி. பலவேசம் முன்னால தூரமாப் போறான். எனக்கு மனசு கேக்கல.

"ஏட்டி, சொல்லிருட்டி. என்ன இருந்தாலும் தாலி கட்டினவன். வெறும் பனைக்குத் தண்ணி சுமந்துக்கிட்டுத் திரியுதான். பாவம்லா?"

அவ நின்னா. முகத்துல வழிஞ்ச தண்ணிய வழிச்சு விட்டா.

"சொன்னா இவளையும் எடுத்துக்கிடுவாரு மைனி. எடுத்துட்டுப் போயி அந்தக் கையையும் நேராக்கிருவாரு."